திங்களும் புதனும் ஏழரை மணிக்கு

ஹாலிஃபாக்ஸ்
20 செப்டம்பர் 1984, வியாழன்

அன்புள்ள தெல்மா,

நேற்று பார்த்தாய் அல்லவா? ஐடா கடைசியில் சரி என்று சொல்லிவிட்டாள்! சலவைக் கடை இயந்திரங்களுக்கு நடுவில் லெனார்ட் மோதிரத்தை நீட்ட, அவள் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டே ஒரு நிமிடம் நின்றாளே, அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் போய்ப் பதின்மூன்று வருஷம். ஹாரப் தெருவில் எல்லோருடைய அழுக்கையும் வெளுத்துக் கொடுத்தவளுக்கு ஒரு நல்ல காலம் வந்தால் என்ன? நீ அங்கே உட்கார்ந்து "முட்டாள் பொம்பளை" என்று பெட்டியைத் திட்டியிருப்பாய். இருபது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

நீ டாக்டர் பேச்சைக் கேட்டுக் கடற்காற்றுக்காக ஃபைலிக்குக் குடிபோய் மூன்று வருஷமாகிறது. இன்னும் தனியாகப் பார்த்துப் பழகவில்லை. வசனம் வரும்போது பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன். சாண்ட்ராவின் குழந்தை இப்போதும் மாடியில்தான் தூங்குகிறது. பிறந்து ஐந்து வருஷமாகியும் ஒரு நாள்கூடக் கீழே இறங்கி வரவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்று யாராவது அந்தத் தொடர்க்காரர்களுக்கு எழுதினால் தேவலை.

அப்புறம், லெனார்டுக்கு அந்தப் பழுப்புக் கோட்டு எடுப்பாக இல்லை.

வேறு ஒரு விஷயம். ஆகஸ்டில் நான் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, திங்கட்கிழமை சரியாக ஏழு மணிக்கு உன் டி.வி. படுத்துவிட்டது, ஞாபகமிருக்கிறதா? ஆர்னால்ட் என்று ஒருவர் வந்து ரிப்பேர் பண்ணினார். நான் டார்ச் பிடித்தேன். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே வருகிறார். போன சனிக்கிழமை மீனும் உருளை வறுவலும் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். "உனக்கு வினிகர் போடச் சொல்லவா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். அதே குரலில், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இதை ஃபோனில் சொல்லலாம் என்று தெருமுனைப் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது.

உன்
பெரில்

*

ஃபைலி
25 செப்டம்பர், செவ்வாய்

பெரில்,

மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் ஐடாவுக்கு. லெனார்டின் கோட்டுக்கு ஒரு வரி. அதற்குப் பிறகு, போகிற போக்கில், உன் கல்யாணம். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

முதலில் ஐடா விஷயம். நான் முட்டாள் என்று திட்டவில்லை. "ஐயோ பாவி" என்றேன். லெனார்டை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ஏன் தெரியுமா? இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று சொல்கிறான், மழையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறான், ஆனால் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. இரண்டாவது, எந்த வீட்டிலும் டீயை முழுசாகக் குடிப்பதில்லை. பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். டீயை மிச்சம் வைக்கிற ஆளுக்கு வேறு எங்கோ போக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி உன் ஆர்னால்ட். அன்றைக்கு அவன் என் வீட்டில் என்ன செய்தான்? ஏழு இருபதுக்கு வேலையை முடித்தான். நான் கொடுத்த டீயில் பாதியை அப்படியே வைத்தான். "இந்தக் குப்பையைப் பாக்கவா இவ்ளோ அவசரப்படுத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு, கையில் கருவிப் பெட்டியோடு வாசலைத் தாண்டி ஓடினான். அன்பே உருவான முகம், பாதி டீ, ஓட்டம். நான் இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன், பெரில். வாரம் இரண்டு முறை பார்க்கிறேன்.

உனக்கு வயது அறுபத்தொன்று. பதினாறு இல்லை. இன்னும் ஒரு வருஷம் பொறு. ஹாரப் தெருவில் அந்தக் கல்யாணம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

தெல்மா

*

ஹாலிஃபாக்ஸ்
2 அக்டோபர், செவ்வாய்

தெல்மா,

நான் ஏன் ஐடாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்? அவள் வாழ்க்கையை எழுத நாலு பேர் அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு கல்யாணமாவது ஒழுங்காக நடந்தால் பிழைப்பு போய்விடும். எனக்கு எழுத யாரும் இல்லை. நானே எழுத வேண்டியதுதான்.

நவம்பர் 3, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, இங்கே எங்கள் கோயிலில். தடை ஏதும் உண்டா என்று கேட்கிற கல்யாண ஓலையை இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள், இந்த மாதம் ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, மூன்று ஞாயிறு. ஆர்னால்ட் உங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர் என்பதால் அங்கேயும் வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஃபைலியில்தான் இருப்பேன். உன் வீட்டிலிருந்து நாலு தெரு. நீ இதைக் கேட்டுக் குதிப்பாய் என்று நினைத்தேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் ஒரு பயம் உண்டு. பாதி டீ இல்லை. அவர் "குப்பை" என்று சொன்னாரே, அதுதான். என் புருஷன் ஸ்டான்லியும் இருந்தவரை அந்த வார்த்தையைத்தான் சொல்வார். முதலில் சொல்லுவார், பிறகு எழுந்து போய் அணைத்துவிடுவார். அணைத்துவிட்டு அந்தப் பெட்டி முன்னாலேயே செய்தித்தாளை விரித்து உட்காருவார். அப்படி ஒரு நாள்தான் நான் காலில் வீட்டுச் செருப்போடு உன் கதவைத் தட்டினேன். நீ ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "சத்தம் போடாம உக்காரு, ஐடா பேசுறா" என்றாய். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய உபகாரம் செய்ததில்லை.

அதனால் சொல்கிறேன். மிட்டாய்த் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று பெட்டி கட்டின நாளிலிருந்து எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து நீ போட வேண்டும். போடுவாயா?

பெரில்

*

ஃபைலி
11 அக்டோபர், வியாழன்

பெரில்,

நேற்று பார்த்தாயா! பார்த்தாயா இல்லையா! லெனார்டுக்கு டான்காஸ்டரில் ஒரு பெண்டாட்டி! பச்சைக் கதவைத் திறந்து, அவன் கழுத்துப் பட்டியைச் சரி பண்ணி, "இன்னைக்கு லேட்டா?" என்று கேட்டாளே! ஐடா இங்கே கல்யாண கேக்கின் மேல் வெள்ளைப் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. பாவம், அவள் என்ன பாவம் செய்தாள்?

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். எனக்கு இருமல் வந்தது. வேண்டுமென்று இல்லை. கோயிலே திரும்பிப் பார்த்தது. வெளியே வரும்போது மளிகைக் கடை டோரா என்னிடம், "உங்க சிநேகிதிக்கு விஷயம் தெரியுமா?" என்றாள். என்ன விஷயம் என்றேன். "திங்களும் புதனும் ஏழேகாலுக்கு ஆர்னால்டோட வண்டி கீழ மீனவர் தெருவுக்குப் போகுது. எட்டேகாலுக்குத்தான் திரும்புது. வருஷக் கணக்கா இப்படித்தான். எந்த வீட்டுக்குன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா, பேட்டரி மாத்தப் போனேன்கிறான்." வாரம் இரண்டு தடவை பேட்டரி மாற்றுகிற வீடு எந்த வீடு, பெரில்?

நானே போய்ப் பார்த்திருப்பேன். ஆனால் அது நம் தொடர் நேரம். அவன் எவ்வளவு சாமர்த்தியசாலி பார். ஊரில் ஒரு பெண்பிள்ளைகூட வாசலில் நிற்காத அரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

சாட்சிக் கையெழுத்து கேட்டாய். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தெல்மா

*

ஹாலிஃபாக்ஸ்
12 அக்டோபர், வெள்ளி

தெல்மா,

ஆர்னால்ட் லெனார்ட் இல்லை. நான் ஐடா இல்லை. நீயும் துப்பறியும் இலாகா இல்லை. நாளை மறுநாள் இரண்டாவது ஓலை. அன்றைக்கு இருமாதே. வாயையும் திறக்காதே. இருபது வருஷத்தில் நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்.

பெரில்

*

ஃபைலி
14 அக்டோபர், ஞாயிறு

பெரில்,

யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. வாயைத் திறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பாதிரியார் ரெய்னர், "இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று வாசித்துவிட்டு மூச்சு வாங்கினார். என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. கால்கள் நின்ற பிறகு வாய் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பாதிரியார் தன் வாழ்நாளில் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பக்க அறைக்கு அழைத்துப் போனார். கோயில் கணக்கர் கதவோரம் நின்றார்.

"என்னம்மா தடை?"

"திங்கள், புதன் சாயங்காலம் இவன் எங்க போறான்னு யாருக்கும் தெரியாது."

"அது சட்டப்படி தடை ஆகாதும்மா. ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கணும். இல்ல நெருங்கின ரத்த சொந்தமா இருக்கணும்."

"லெனார்ட் விஷயத்துலயும் எல்லாரும் இப்படித்தான் அசந்து இருந்தாங்க."

எந்த லெனார்ட் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டான்காஸ்டர்ல இருக்கிறவ பெண்டாட்டிதான்னு எப்படிச் சொல்றீங்க? அக்காவாக்கூட இருக்கலாமே?"

"அக்கா யாராவது அப்படிக் கழுத்துப் பட்டியைச் சரி பண்ணுவாளா?"

"ஆமா. அந்த விரல் கொஞ்ச நேரம் அங்கயே இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார். கணக்கர் இருமி, வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். பாதிரியார் திரும்பிப் போய்த் தடை செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஆர்னால்ட் மூன்றாவது வரிசையில் இருந்தான். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெல்மா

*

ஹாலிஃபாக்ஸ்
16 அக்டோபர், செவ்வாய்

தெல்மா,

ஞாயிறு சாயங்காலமே ஆர்னால்ட் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவங்க உன் நல்லதுக்குத்தான் கேக்குறாங்க" என்றார். நான், "அப்ப எனக்காவது சொல்லுங்க. எங்க போறீங்க?" என்றேன்.

"அது என்னோட ரகசியம் இல்ல பெரில். இன்னொருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா இந்தக் கல்யாணம் நடக்காது" என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது உனக்குத் திருப்தியா? உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவில்லை. நூறு பேர் முன்னால் என் பெயரை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாய். நீ சொன்னதுபோல அவருக்கு ஒருத்தி இருந்தால், நீ ஜெயித்ததற்கு நான் சந்தோஷப்பட மாட்டேன். இல்லையென்றால், உன்னை மன்னிக்க எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. இரண்டில் எதுவானாலும் நீ நவம்பர் 3 அன்று வர வேண்டாம்.

நேற்று நான் டி.வி.யைப் போடவில்லை. ஐடா என்ன ஆனாள் என்றுகூடத் தெரியாது.

பெரில்

*

ஃபைலி
18 அக்டோபர், வியாழன்

என் பெரில்,

இந்தக் கடிதத்தைத் திறக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. உன் கால் பிடித்துக் கேட்கிறேன். முழுக்கப் படி.

நேற்று நான் ஹாரப் தெருவைப் பார்க்கவில்லை. உன் கடிதம் காலையில் வந்தது. திங்கட்கிழமை நீ பார்க்கவில்லை என்று படித்த பிறகு எனக்கும் பார்க்க மனசு வரவில்லை. ஏழு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு மீனவர் தெருவுக்கு இறங்கிப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் நீல வெளிச்சம். நம் தொடரின் இசை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு என்னோடேயே நடந்து வந்தது. கடைசி வீட்டு வாசலில் அவன் வண்டி. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது, உள்ளேயிருந்து சுங்கான் புகை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூத்தொட்டியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே பெண்வாசனையே இல்லை. இரண்டு ஆண்கள். ஒருவர் ஜாப் கேமிஷ். உயிர்காக்கும் படகை இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய கிழவர். பதினொரு வருஷமாக இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. இன்னொருவர் உன் ஆர்னால்ட். டி.வி.யில் ஐடா. ஆர்னால்ட் கிழவருக்குக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

"லெனார்ட் உள்ள வர்றான். தொப்பி கையில. ஐடா கூடையைத் தூக்கி இடுப்புல வெச்சிருக்கா. அவனைப் பாக்குறா. பாக்குறா. ம்... சிரிக்கிறா. சரி, மன்னிச்சுட்டா."

பெரில், நானும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கத்திவிட்டேன்.

"மன்னிச்சாளா? அது சிரிப்பா? புருஷனைப் புதைச்ச அன்னைக்கு மாமியாரைப் பாத்துச் சிரிச்சாளே, அந்தச் சிரிப்புய்யா அது! இப்பப் பாரு, எதையாவது தூக்கி அடிப்பா!"

சொல்லி வாய் மூடவில்லை. ஐடா கூடையிலிருந்து ஈரப் போர்வையை உருவி லெனார்ட் மேல் சாத்தினாள்.

கிழவர் வாயிலிருந்த சுங்கானை எடுத்தார். "ஆர்னால்ட், ஜன்னல்ல யாருடா?"

"நம்ம... கோயில்ல எழுந்து நின்ன அம்மா."

"யாரா வேணா இருக்கட்டும். தாயி, உள்ள வா. பேச்செல்லாம் என் காதுல நல்லா விழுது. எனக்கு மூஞ்சிதான் வேணும். இவன் பதினோரு வருஷமா 'சிரிக்கிறா, அழுவறா'ன்னு ரெண்டே வார்த்தையில ஓட்டிட்டிருக்கான்."

போய் உட்கார்ந்தேன். எட்டு மணி வரை நான்தான் சொன்னேன். முடிந்ததும் கிழவர் கேட்டார், "ஐடாவுக்குத் தலைமுடி என்ன நிறம்?" சிவப்பு, அதுவும் சாயம் என்றேன். "அடப்பாவி, நான் இத்தனை வருஷமா நரைன்னு நெனச்சிட்டிருந்தேன்!" என்று தொடையில் தட்டினார். ஆர்னால்ட், "நீங்க கேக்கவே இல்லையே" என்றார் பரிதாபமாக. கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐடாவை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். பார்வை போன பிறகு ஜாப் இந்தத் தொடரில் விழுந்துவிட்டார். படகுத் தலைவர் ஜாப் கேமிஷ் பெண்கள் நாடகம் கேட்கிறார் என்று தெரிந்தால் மீனவர் சங்கத்தில் தலைகாட்ட முடியாது என்று ஆர்னால்டிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதற்காகத்தான் அந்த ஓட்டம், அந்தப் பாதி டீ. வெளியே வந்ததும் நான் கேட்டேன், "அப்புறம் ஏன் என் வீட்டுல குப்பைன்னு சொன்னீங்க?" அவர் காது சிவந்துவிட்டது. "ஆம்பளை வேற என்னம்மா சொல்றது? ரிப்பேருக்குப் போற வீட்டுல எல்லாம் அதைச் சொல்லிட்டு, சந்து திரும்பினதும் ஓடுவேன்."

பெரில், அவர் பெரிய பொய்யர். 1973லிருந்து ஒரு பாகம் விடாமல் பார்த்திருக்கிறார். சாண்ட்ராவின் குழந்தை ஏன் கீழே இறங்குவதில்லை என்று அவருக்கும் கவலையாம். இந்த மனிதர் உன் பெட்டியை அணைக்க மாட்டார்.

இந்த ரகசியத்தை உனக்கு மட்டும் எழுத ஜாப் அனுமதி கொடுத்திருக்கிறார். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லு, ஊருக்குச் சொல்லாத" என்றார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இரவில் தூக்கம் வராது. எனக்கு லெனார்ட் மேல் சந்தேகம் இருந்தது உண்மை. ஆர்னால்ட் மேல் எனக்கு இருந்தது சந்தேகம் இல்லை, பொறாமை. நீ நாலு தெரு தள்ளி வருவாய், ஆனால் திங்கட்கிழமை ஏழரைக்கு அவரோடு உட்கார்ந்திருப்பாய். இருநூறு மைல் தள்ளி நீ தனியாகப் பார்க்கும்போதாவது நாம் இரண்டு பேரும் தனி. நீ பக்கத்தில் வந்துவிட்டால் நான் ஒருத்திதான் தனி. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நல்ல மனிதரை ஊர் முன்னால் நிறுத்தினேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. அவரைக் கைவிட்டுவிடாதே.

தெல்மா

*

ஹாலிஃபாக்ஸ்
19 அக்டோபர், வெள்ளி

அடி தெல்மா,

இருநூறு மைல் இல்லை. எண்பதுகூட இருக்காது. உனக்குக் கணக்கு எப்போதுமே வராது.

இன்று காலை எட்டரைக்கு நான் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றேன். கையில் ஆர்னால்டுக்கு எழுதிய கடிதம், தபால்தலை ஒட்டி. "நீங்கள் நல்லவர்தான், ஆனால் மூடிய கதவோடு இன்னொரு முறை வாழ எனக்குத் தெம்பு இல்லை" என்று எழுதியிருந்தேன். நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கதவைத் திறந்தால் தபால்காரர். உன் கையெழுத்து. வாசலில் நின்றபடியே படித்தேன். ஐடாவின் சிரிப்பு வந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தபால்காரர், "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார். "என்னைக் கட்டிக்கப் போறவர் ஹாரப் தெரு பாக்குறாராம்!" என்றேன். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "புதன்கிழமை அந்தப் போர்வை அடி எப்படி?" என்றார். நான் பார்க்கவில்லை என்று சொன்னதும் வாசலிலேயே நடித்துக் காட்டினார்.

என் கடிதத்தை அடுப்பில் போட்டேன். தபால்தலையைக்கூடக் கிழித்து எடுக்கவில்லை.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பூத்தொட்டி மேல் ஏறிய உன் முட்டி எப்படி இருக்கிறது? நீ சொன்ன கடைசிப் பத்தியை நாலு தடவை படித்தேன். பைத்தியக்காரி, உன்னை விட்டுவிட்டு ஐடாவைப் பார்க்க எனக்குத் தெரியுமா? ஆர்னால்டுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டுப் பார். வினிகர் போடச் சொன்ன கையோடு, "திங்களும் புதனும் நான் தெல்மா வீட்டுல இருப்பேன்" என்றேன். அவர் ஏன் அவ்வளவு வேகமாக, "ரொம்ப நல்லது" என்றார் என்று இப்போதுதான் புரிகிறது.

நவம்பர் 3, இரண்டு மணி. சாட்சி இல்லாமல் பதிவேட்டை மூட மாட்டேன். அதற்கு முன்னால் ஊரில் அவர் பெயரைக் கெடுத்த நீயே அதைச் சரிசெய்ய வேண்டும். ஜாப் பெயர் வெளியே வராமல் எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை.

பெரில்

*

ஃபைலி
21 அக்டோபர், ஞாயிறு

என் கண்ணான பெரில்,

இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தேன். தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

ஊர் முழுக்க வந்திருந்தது. மூன்றாவது ஓலைக்கு இவ்வளவு கூட்டத்தைப் பாதிரியார் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எல்லோர் கண்ணும் என்மேல். பாதிரியார் "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று வாசித்துவிட்டு என்னையே பார்த்தார். நான் எழுந்து, "எனக்கு ஒரு தடையும் தெரியாது, போன வாரம் நான் பேசினது தப்பு" என்று சொல்லத் தயாராக இருந்தேன். ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் அது போதாது என்று எனக்கே தெரியும். எங்கே போனான் என்று டோரா கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். நான் எழுவதற்குள் பின்னால் ஒரு கைத்தடி தரையில் தட்டியது.

ஜாப்! கோயில் பக்கமே வராத மனிதர், ஆர்னால்டின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அந்த அம்மா உக்காரட்டும். நான் பேசுறேன். இந்த ஆளு திங்களும் புதனும் எங்க போறான்னு ஊரே கேக்குதாம். எங்க வீட்டுக்குத்தான் வர்றான். ஹாரப் தெரு நாடகத்துல யாரு எப்படி மூஞ்சியை வெச்சிருக்காங்கன்னு எனக்குச் சொல்றான். நான்தான் வெளிய சொல்லாதன்னு வாயைக் கட்டினேன். அதுக்காக அவன் கல்யாணமே போறதா இருந்தும் வாயைத் திறக்கல. இவனுக்குத் தடை சொல்றதுக்கு இந்த ஊருல எவனுக்கும் யோக்கியதை இல்ல. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு மீனவர்கள் உட்காரும் வரிசையிலிருந்து, ஆறடி உயரம், பீப்பாய் மார்பு, மார்ட்டின் என்று ஒருவன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"பெரியவரே, ஒண்ணு கேக்கலாமா? புதன்கிழமை அந்தப் போர்வை லெனார்டுக்கு மூஞ்சியில பட்டுச்சா, தோள்ல பட்டுச்சா? எங்க வீட்டுல சரியா அப்பப் பாத்துக் குழந்தை கத்திடுச்சு."

"மூஞ்சியில" என்று பதில் வந்தது. ஜாப் சொல்லவில்லை. மேடையிலிருந்து பாதிரியார்.

அப்புறம் கோயிலே வெடித்தது. "நானும் பாத்தேன்", "எங்க வீட்டுலயும்", "சங்கத்துல சொல்லாதீங்கப்பா" என்று ஒவ்வொரு ஆணாக வெளியே வந்தார்கள். பாதிரியார் இரண்டு கையையும் தூக்கி, "தடை ஏதும் இல்லை, தடை ஏதும் இல்லை" என்று இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. ஆர்னால்ட் அழுதார். நானும் அழுதேன். டோரா என்னிடம் வந்து, "பேட்டரின்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். அவளை என்ன செய்வது?

உன் ஆர்னால்டின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, நீங்க ஜன்னல்ல கத்தினப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, பெரில் ஏன் உங்களை விட மாட்டேங்கிறான்னு" என்றார். நவம்பர் 3 அன்று உன் கல்யாணத்துக்கு இங்கிருந்து ஒரு பேருந்து பிடிக்கிறார்களாம். ஜாப் முன்சீட்டில். பக்கத்தில் நான். கோயிலில் உன் உடுப்பு என்ன, உன் முகம் எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டுமாம். இரண்டு வார்த்தையில் முடித்துவிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தொடர் இனிமேல் ஜாப் வீட்டில்தான், நாம் நாலு பேரும். அங்கே மூன்று நாற்காலிதான் இருக்கிறது. அதனால் இப்போது வரும் வழியில் வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டு வந்தேன். மேட்டிலிருந்து கீழத் தெரு வரை தலையில் தொப்பி, தொப்பிமேல் நாற்காலி என்று நடந்தேன். கோயில் விட்டு வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள், "எங்கம்மா தூக்கிட்டுப் போறீங்க?"

"என் சிநேகிதி வர்றா" என்றேன்.

தெல்மா